வெறுந்தகட்டில் விழுந்த கை

வண்ணம் உரித்த வெறும் தகட்டை எவ்வளவு நேரம் திறந்து வைக்கலாம் என்று பலவேசம் கேட்டான்.

"மதுரையில நின்னு கேட்டா ஒரு நாள்னு சொல்லுவேன்" என்றாள் வியாகுலம். "நீங்க தூத்துக்குடியில நின்னு கேக்கீங்க, அண்ணாச்சி. கேட்டு முடிக்கதுக்குள்ள துரு வேலைய ஆரம்பிச்சிருக்கும்."

அவளுடைய பட்டறை துறைமுகச் சாலையில் இருந்தது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பளம். ரெண்டு பக்கமிருந்தும் வருகிற காற்றுக்கு இரும்பென்றால் அப்படியொரு பசி. அந்தக் காற்றில் நிற்கிற மாதிரி வண்டிக்கு வண்ணம் அடிக்க அவளை விட்டால் அந்தக் கரையில் ஆள் கிடையாது. மற்ற பெயிண்டர்களுக்கும் இது தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் மீசை இடிக்கும்.

பலவேசம் பெயிண்டர் இல்லை. பழைய கார் வாங்கி விற்கிறவன். யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்குத் தனியாகப் பேரம் பேசுகிற ஜாதி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஊர் ஊராக அடிபட்டு, அடித்து, மேலே வந்தவன். எவனும் தன்னை ஏமாற்ற முடியாது என்று நினைத்திருந்தான். ஒரு பெயிண்டர் ஏமாற்றினான். துருவுக்கு மேலேயே பட்டி பூசி, அதற்கு மேல் கண்ணாடி மாதிரி வண்ணம் அடித்துக் கொடுத்தான். அந்தக் காரைப் பலவேசம் சத்தியம் பண்ணி விற்றான். மழைக்காலம் முடிவதற்குள் கதவெல்லாம் கொப்புளம்.

வாங்கியவன் பலவேசத்தைப் பஸ் ஸ்டாண்டில் மறித்து நிறுத்தி, பத்துப் பேர் பார்க்க ஒரு நாணயத்தால் வண்ணத்தை உரித்துக் காட்டினான். "ஓய், ஒம்ம மூஞ்சியையும் இப்படிக் கொஞ்சம் உரிச்சுப் பாக்கட்டுமா? உள்ள என்ன நெறம்னு தெரியணும்லா?"

அந்தச் சூடு ஆறாமல்தான் வியாகுலத்திடம் வந்தான். அவள் அவனைவிடப் பத்து வயது சின்னவள்.

"தொழிலச் சொல்லித் தாங்க, மேஸ்திரி. பதிலுக்கு என்ன வேணும்?"

"ஒரு மாசம் யார்கிட்டயும் பேரம் பேசாம இருக்கணும்."

"ஒரு வாரம்னு வச்சுக்கிடுவோம்."

அவள் சிரித்துவிட்டாள். அப்படித்தான் சேர்ந்தான்.

பட்டறையில் சட்டம் ஒன்றுதான். வண்ணம் உரித்த தகட்டை வெறுங்கையால் தொடக் கூடாது. கையுறை வேண்டும். மனிதக் கையில் வேர்வை இருக்கிறது, வேர்வையில் உப்பு இருக்கிறது. தொட்ட இடம் அப்போது தெரியாது. தெரியும்போது அதற்கு மேல் நாலு பூச்சு வண்ணம் இருக்கும்.

"தகடு எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கிடுமோ?" என்று ஒருநாள் கிண்டலாகக் கேட்டான்.

"ஞாபகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. உப்பு வச்சா துரு வரும். அவ்வளவுதான்."

*

ஒரு வியாழக்கிழமை. பலவேசம் வாங்கிப் போட்டிருந்த பழைய அம்பாசடர் பட்டறையில் நின்றது. பானெட்டை முந்தின நாளே உரித்து, அன்று காலையில் எமரித்தாள் போட்டுத் தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கியிருந்தான். கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விட ஒரு கோயமுத்தூர்க்காரர் அந்த வண்டியைக் கேட்டிருந்தார்.

வியாகுலம் புதுக்கோட்டை ரோட்டில் ஒரு கடைக்குக் கிளம்பினாள். போகும்போது சொன்னாள்:

"தின்னர் போட்டுத் தொடைங்க. உடனே பிரைமர் அடிங்க. அதுக்கப்புறம் சோறு. வண்டி வாசலத் தாண்டக் கூடாது."

"தாண்டாது, மேஸ்திரி."

அவள் தலை மறைந்தது. போன் அடித்தது. கோயமுத்தூர்க்காரர் உப்பளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு உப்புக் கம்பெனி வாசலில் நிற்கிறாராம். பிற்பகல் ரயிலுக்குப் போகிறாராம். என்ஜின் சத்தத்தை மட்டும் ஒருதடவை கேட்டுவிட்டால் தேவலையாம்.

பலவேசத்துக்கு ஆசாமியை நழுவவிட்டுப் பழக்கமில்லை. போய்விட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? பிரைமரை வந்து அடித்தால் போச்சு. வெறும் பானெட்டோடு வண்டியைக் கிளப்பினான். தொழில் தெரிந்தவன் எவனும் செய்யமாட்டான். தொழில் பாதி தெரிந்தவன் செய்வான்.

உப்பளத்துச் சாலை உச்சி வெயிலில் கண்ணைக் குத்தியது. ஓலை மூடிய உப்பு அம்பாரங்கள் இரண்டு பக்கமும். "இந்தா வந்துட்டேன் சார், வளைவுல இருக்கேன்" என்று போனில் சொல்லிக்கொண்டே ஒரு அம்பாரத்தைச் சுற்றித் திருப்பினான்.

பாத்தியிலிருந்து ஒரு பெண் ஏறி வந்தாள். முழங்கை வரை ஈரம்.

அவள் கை பானெட்டில் விழுந்தது. தேங்காய் விழுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் அவள் வண்டிக்கு முன்னால் இல்லை.

நிறுத்தினான். கண்ணாடியில் பார்த்தான். மஞ்சள் சேலை தரையில் கிடந்தது. ஒரு கால் அசைந்தது.

அந்த இடத்திலும் அவன் பேரம்தான் பேசினான். ஆளுக்குப் பதில் தன்னோடு. அசையுது. அசைஞ்சா உயிர் இருக்கு. உயிர் இருந்தா எந்திரிச்சிருவா. அளத்துல ஆளா இல்ல, யாராவது பாத்துக்கிடுவாக. சுற்றும் முற்றும் பார்த்தான். வெயிலில் ஒரு ஈ காக்கை இல்லை.

கியரைப் போட்டான். கோயமுத்தூர்க்காரரிடம் போகவில்லை. சுற்றுப் பாதையில் பட்டறைக்கு வந்து சேர்ந்தான்.

*

வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அம்பாசடர் தகடு கனமானது. ஒரு நசுங்கல் இல்லை. ரத்தம் இல்லை. கீறல் இல்லை. சாமி கும்பிட்டான். எதற்கென்று தெரியாமல்தான் கும்பிட்டான்.

டீக்கடை லூர்து கிளாஸை வைத்துவிட்டுப் போனான். பலவேசம் டீயைக் குடித்தபடியே பானெட்டைப் பார்த்தான். இடது ஓரத்தில் டீக்கறை மாதிரி ஏதோ தெரிந்தது. நான் எங்கே சிந்தினேன் என்று நினைத்தான். கிட்டப் போனான்.

கறை மஞ்சளாக இருந்தது. பார்க்கப் பார்க்கச் சிவந்தது. உள்ளங்கை. அதிலிருந்து பெருவிரல். அப்புறம் மற்ற விரல்கள். மோதிர விரல் மட்டும் பாதியில் நின்றது.

அளத்துக் கை. வேர்வையா அது? உப்புப் பாகு. வெள்ளி மாதிரித் தேய்த்த தகட்டில் அதை அப்பியிருக்கிறது.

எமரித்தாளை எடுத்துத் தேய்த்தான். தேய்த்த தேய்ப்பில் தோள்பட்டை வலித்தது. கை போய்விட்டது. தகடு மறுபடி பளபளத்தது. பிரைமர் கலந்து, கம்ப்ரஸரைத் தட்டினான். கரண்ட் இல்லை.

மின்சார வாரியத்தின் ஏழு தலைமுறையையும் வைதான். போன் போட்டான். "வரும் சார்" என்றார்கள். வரவில்லை. பிற்பகலில் காற்று திரும்பியது. கடலிலிருந்து ஈரத்தோடு வீசியது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதே இடத்தில், அதே கை, விரல் விரலாக வந்தது. எமரித்தாள் துருவைத்தான் தின்னும். தகட்டின் கண்ணுக்குள் இறங்கிய உப்பை அது என்ன செய்யும்?

வியாகுலம் வந்தபோது அவன் பானெட்டுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"பிரைமர் அடிக்கலையா?"

"கரண்ட் இல்ல."

அவள் அவனைத் தாண்டிப் பார்த்தாள். கிட்டப் போய்க் குனிந்தாள். வெகுநேரம் குனிந்திருந்தாள்.

"யாரு தொட்டது?"

"நாந்தான். மறந்துபோயி வெறுங்கைய வச்சிட்டேன்."

"கையக் காட்டுங்க."

காட்டினான். உழைத்துக் காய்த்த, முறம் மாதிரி அகன்ற கை. விரல் அத்தனையும் முழுசு. அவள் அந்தக் கையையும் பார்த்தாள், தகட்டையும் பார்த்தாள். டயரைப் பார்த்தாள். டயர் இடுக்கில் உப்பளத்து வெள்ளை மண் ஒட்டியிருந்தது.

உள்ளே போய், தையல் மிஷினுக்குப் போடுகிற எண்ணெயும் ஒரு பழைய துணியும் எடுத்து வந்தாள். கையுறையை மாட்டினாள். துணியை எண்ணெயில் நனைத்து, பானெட் முழுக்க மெல்லிசாகத் தடவினாள். அந்தக் கை வந்த இடத்தில் மட்டும் துணி ஒதுங்கிப் போனது. விரலுக்கும் விரலுக்கும் நடுவில் இருந்த தகட்டைக்கூடத் துணி நுனியால் தொட்டுத் தொட்டுத் தடவினாள்.

"எண்ணெய் போட்டா பிரைமர் ஒட்டாதுன்னு நீங்கதான சொன்னீங்க?" என்றான் பலவேசம்.

"அடிக்கும்போது தின்னர் போட்டு எடுத்துக்கிடலாம்."

"எப்ப அடிக்கப் போறோம்?"

"தொட்டது யாருன்னு தெரியட்டும்."

*

வெள்ளிக்கிழமை காலையில் லூர்து டீயோடு செய்தியும் கொண்டு வந்தான்.

"கேட்டீங்களா அண்ணாச்சி? அளத்துல வேலை பாக்க பிள்ள, ஆவுடைத்தாய்னு பேரு. நேத்து மத்தியானம் வண்டி அடிச்சிருக்கு. பெரியாஸ்பத்திரியில நெனவில்லாம கெடக்கு."

"எந்த வண்டியாம்?" என்றாள் வியாகுலம்.

"உப்பு லாரி. அய்யாத்துரைன்னு டிரைவர். அந்த மூதி அடிச்சிட்டு, அவனே தூக்கி லாரியில போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கும் வந்திருக்கான். நான் அடிக்கல, ரோட்டுல கெடந்துச்சு, தூக்கிட்டு வந்தேன்னு சொல்லுதான். எவன் நம்புவான்? சனங்க வாசல்ல வச்சே அவன் கைய முறிச்சிட்டாங்க. இப்ப ஸ்டேஷன்ல கெடக்கான்."

"ஒருவேளை நெசமாவே அவன் அடிக்கலையோ என்னமோ."

"அடிக்காதவன் எதுக்கு மேஸ்திரி நிப்பான்? இந்தக் காலத்துல?"

லூர்து காலிக் கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு போனான். பலவேசம் டீயைத் தொடவே இல்லை. அதில் ஏடு படிந்தது.

வியாகுலம் எண்ணெய்த் துணியை எடுத்தாள். ராத்திரிக் காற்றில் பானெட்டின் ஓரத்தில் ஊசிமுனை மாதிரி இரண்டு பழுப்புப் புள்ளி வந்திருந்தது. பதமாகத் தேய்த்து எடுத்துவிட்டு அங்கேயும் எண்ணெய் தடவினாள். கையைச் சுற்றி மறுபடி துணி நுனி வேலை.

அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு மண்டைக்குள் சுர்ரென்று ஏறியது. சும்மா விட்டிருந்தால் நாலு நாளில் பானெட் மொத்தமும் துருவேறி, அந்தக் கை அதற்குள் முங்கிப் போயிருக்கும். காற்று தானாகச் செய்கிற காரியம். இவள் அதைச் செய்யவிடாமல் காவல் காக்கிறாள்.

"தாயி, ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன்" என்றான்.

"சொல்லுங்க."

"ஆஸ்பத்திரிக்கு நான் போறேன். பேரு கீரு வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு என்ன வைத்தியம் வேணுமோ எல்லாம் பாத்துக்கிடுதேன்."

"பாருங்க. நல்ல காரியம்."

"அப்ப இத அழிச்சிரலாமா?"

"அது வேற, இது வேற."

"சரி. லாரிக்காரனுக்கு நல்ல வக்கீலா வச்சுத் தாரேன். வெளிய வந்துருவான்."

"வைங்க."

"வச்சா?"

"வச்சாலும் தகடு இங்ஙனதான் இருக்கும்."

"நீ என்னதான் கேக்க?" என்று கத்தினான். மரியாதை போய்விட்டது. "வாயத் தொறந்து கேளு! எல்லாத்துக்கும் ஒரு விலை இருக்கும்லா?"

"நான் விக்க வரலையே, அண்ணாச்சி."

அவன் ஒரு டப்பாவை உதைத்தான். அது உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. வியாகுலம் எழுந்து போய் அதை எடுத்து, மூடியை இறுக்கி, இருந்த இடத்தில் வைத்தாள்.

கடைசியில் அவன்தான் கேட்டான். சிஷ்யன் கேட்கிற குரலில் கேட்டான்.

"மேஸ்திரி. உப்புத் துரு எப்படிப் போவும்?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். எதற்குக் கேட்கிறான் என்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்று அவனுக்கும் தெரியும்.

ஒரு பழைய கதவுத் தகட்டை இழுத்துப் போட்டாள். போன வாரம் உப்புத் தண்ணீர் தெறித்து அதில் துரு திட்டுத் திட்டாக இருந்தது. அடுப்பைப் பற்றவைத்தாள்.

"போர்த் தண்ணி ஆகாது. நம்ம ஊரு போர்த் தண்ணியே உப்பு. குடிக்கிற தண்ணி வேணும். கொதிக்க வைக்கணும்."

கொதித்த தண்ணீரை ஊற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாள். ஊற்றினாள். தேய்த்தாள். "உப்பு வெளிய வார வரைக்கும். ஒருதடவையோட வராது. சலிச்சிரக் கூடாது." துணியால் ஒற்றி எடுத்து, அனல் காட்டி உலர்த்தினாள். துரு எடுக்கிற ஆசிட்டைத் தடவி, அது பொரிந்து அடங்கும்வரை காத்திருந்தாள். மறுபடி நல்ல தண்ணீர். மறுபடி அனல். தின்னர். "இப்ப தகடு கைச்சூட்டுக்கு ஆறியிருக்கும். ஆனா முழுசா ஆற விடக் கூடாது. அந்த நேரத்துல பிரைமர்."

எதையும் மறைக்கவில்லை. அவள் கற்றுக்கொடுத்ததிலேயே முழுசாகக் கற்றுக்கொடுத்தது அன்றைக்குத்தான். வேலை முடிந்த தகடு சாம்பல் நிறத்தில் பட்டு மாதிரி இருந்தது.

"அவ்வளவுதான் வித்தை" என்றாள். "இனி ஒங்க கை."

*

சனிக்கிழமை காலையில் பலவேசம் ஆஸ்பத்திரி வரை போனான். வாசலில் ஒரு வேப்பமரம். அதற்குக் கீழே அளத்துச் சனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். காலெல்லாம் வெள்ளை பூத்து வெடித்திருந்தது. அவன் வெள்ளைச் சட்டையைப் பார்த்து, ஏதோ அதிகாரி என்று நினைத்து ஒரு கிழவர் எழுந்து கும்பிட்டார்.

"அய்யா, எம்மவள உள்ள போயிப் பாக்க விட மாட்டேங்காக. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா."

"நான் அந்த ஆளு இல்ல" என்றான் பலவேசம்.

சொல்லிவிட்டுத் திரும்பியவன், பட்டறைக்கு வந்துதான் நின்றான். பட்டறையில் வியாகுலம் இல்லை. அவளும் ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கிறாள் என்றான் லூர்து. வேறு வாசல் வழியாகப் போயிருப்பாள்.

பானெட் அப்படியே இருந்தது. எண்ணெய் மினுங்கியது. இடது ஓரத்தில் கை, செங்கல் நிறத்தில், தடித்து.

குடிதண்ணீர் கேன் இரண்டை இழுத்து வந்தான். அடுப்பைப் பற்றவைத்தான்.

முதல் தண்ணீர் சிவப்பாக ஓடியது. நின்று பார்த்தான். இரண்டாவதை ஊற்றினான். தேய்த்தான். பாதி விரல் முதலில் போனது. அப்புறம் பெருவிரல். உள்ளங்கை லேசில் போகவில்லை. சலிச்சிரக் கூடாது என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. சலிக்கவில்லை. ஒற்றினான். அனல் காட்டினான். ஆசிட் பொரிந்து அடங்கியது. மறுபடி தண்ணீர், மறுபடி அனல். தின்னர் போட்டுத் துடைத்த துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அழுக்கே இல்லை. அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் இருந்தது.

பிரைமர் அடிக்கிற ஸ்பிரே கன்னைப் பிடித்த கை நடுங்கவில்லை. அதுதான் அவனுக்கே ஆச்சரியம். ஒரே சீராகப் போய், ஒரே சீராகத் திரும்பி, விளிம்பில் தேங்காமல், வழியாமல் பிரைமர் உட்கார்ந்தது. அந்தக் கொஞ்ச நேரம் அவன் எல்லாவற்றையும் மறந்திருந்தான். வேலை மட்டும்தான் இருந்தது. தான் செய்ததிலேயே அழகான வேலை அது என்று அவனுக்குத் தெரிந்தது. நெஞ்சுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்கூட எட்டிப் பார்த்தது. அப்புறம்தான் கீழே சிவப்பாகத் தேங்கிக் கிடந்த தண்ணீர் கண்ணில் பட்டது.

வியாகுலம் வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பார்த்தாள். பிறகு உள்ளே வந்து பானெட்டைச் சுற்றி நடந்தாள். குனிந்து ஒரு கண்ணை மூடி, தகட்டின் ஓரமாகப் பார்வையை ஓட்டினாள். அவன் வேலையை அவள் அப்படிப் பார்த்தது அதுவே முதல் தடவை.

"நல்ல வேலை" என்றாள்.

அவன் தலையைத் தூக்காமல் கன்னைத் துடைத்தான்.

"நெசமாத்தான் சொல்லுதேன். என்னால இதவிட நல்லாச் செய்ய முடியாது. இனி ஒங்களுக்குச் சொல்லித்தர எங்கிட்ட ஒண்ணும் இல்ல, அண்ணாச்சி."

"அந்தப் பிள்ள எப்படி இருக்கு?"

"போயிட்டா. நான் நிக்கும்போதுதான். கையப் பிடிச்சுக்கிட்டேன். மோதிர விரல் பாதிதான் இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "வெயில்ல ரொம்ப நேரம் கெடந்திருக்கா. லாரிக்காரன் வார வரைக்கும். அடிபட்டதும் கொண்டாந்திருந்தா பாத்திருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு."

பலவேசம் கன்னையும் துணியையும் கீழே வைத்தான்.

வியாகுலம் முந்தானையை இழுத்துச் செருகினாள். வாசலைப் பார்த்து நடந்தாள்.

"எங்க போறீங்க?"

"ஸ்டேஷனுக்கு."

"எதுக்கு?"

"அங்க ஒருத்தன் கை ஒடைஞ்சு உக்காந்திருக்கான். நேத்தே போயிருக்கணும். நீங்களே போவீங்கன்னு ஒருநாள் பொறுத்தேன். அந்த ஒருநாள் அவன் பட்டது எம்பேர்லதான். அத நான் அவன்கிட்டச் சொல்லணும்."

"போயி என்னன்னு சொல்லுவ?" அவன் குரல் உடைந்து எகிறியது. "என்ன இருக்கு ஒங்கிட்ட? பாரு, நல்லாப் பாரு! அழிச்சாச்சு! ஒரு அடையாளம் கெடையாது. கோட்டி பிடிச்சவ சொல்லுதான்னு வெளிய தள்ளுவான்!"

"தள்ளட்டும். மறுபடி போவேன். பாத்ததச் சொல்ல எனக்கு வாய் இருக்குல்லா? அதுக்குத் தகடு எதுக்கு?"

அவனுக்குள் கோபம் வடிந்த இடத்தில் வேறு எதுவும் வந்து நிறையவில்லை. வெளியே ஒரு உப்பு லாரி இரைந்துகொண்டு போனது. அது போய்ச் சத்தம் அடங்கும்வரை இரண்டு பேரும் நின்றார்கள்.

"வாய் போதும்னா..." என்றான். "போதும்னா, ரெண்டு நாளா எதுக்கு மேஸ்திரி எண்ணெய் போட்டு, விரலுக்கு விரல் ஒதுக்கி, கண்ணுக்குள்ள வச்சு அந்தக் கைய அப்படிக் காப்பாத்துனீங்க?"

வியாகுலம் வாசலில் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"கைய எங்க காப்பாத்துனேன், அண்ணாச்சி? அதச் சுத்தி மிச்சமிருந்த தகட்டத்தான காப்பாத்துனேன்."